1800-கள்ல போட்ட லண்டன் மேப் சேகரிக்கிறது: எல்லாரும் கேக்குற கேள்விகள்

லண்டன் மேப் தான் ஏன்? அதுலயும் ஏன் 1800-ல இருந்து 1900 வரைக்கும் மட்டும்?

அந்த நூறு வருஷத்துல ஊரு அடையாளமே தெரியாம மாறிடுச்சு, அதான். 1801-ல முதல் சென்சஸ் எடுத்தப்ப லண்டன்ல சுமார் 10 லட்சம் பேர், 1901-ல சுத்துப்புறத்தையும் சேர்த்து 65 லட்சம். நடுவுல கப்பல்துறை வெட்டினாங்க, ரயில் வந்துச்சு, தேம்ஸ் மேல வரிசையா பாலம் கட்டினாங்க, ஆத்துக்கு அடியில சுரங்கம் தோண்டினாங்க, ஏழைங்க இருந்த சந்துகள இடிச்சுத் தள்ளிட்டு அதுக்கு மேல நேரா ரோடு போட்டாங்க. போன வருஷ மேப் இந்த வருஷம் உதவாதுங்கிற நிலைமை, அதனால மேப் போட்டு விக்கிறவங்களுக்கு நல்ல அறுவடை, திருப்பித் திருப்பி புதுசா அடிச்சு வித்துக்கிட்டே இருந்தாங்க. நமக்கு இதுல என்ன லாபம்னா சரக்கு நிறைய கெடைக்குது. 1700-கள் மேப்னா விலை எகிறும், 1900-க்கு அப்புறம் வந்தது மெஷின்ல அடிச்சுக் குவிச்சது, எனக்கு அதுல ருசி இல்ல. நடுவுல இருக்குற இந்த நூறு வருஷம் தான் மாசச் சம்பளக்காரன் கைக்கு எட்டுற மாதிரி இருக்கு. நான் லண்டன்லயே வேலை பாக்குறதால மேப்போட பிரிண்ட்அவுட்ட கையில வச்சுக்கிட்டு அந்தந்த தெருவுலயே நடந்து பாக்க முடியுது, அந்த வசதியும் ஒரு காரணம்.

கண்டிப்பா தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய மேப்கள் எது எது?

பெரிய தலைகள்ல முதல்ல ரிச்சர்ட் ஹார்வுட். 1792-ல இருந்து 1799 வரைக்கும் 32 ஷீட்டா வெளியிட்டார், ஒரு மைலுக்கு 26 இன்ச் ஸ்கேல், ஒவ்வொரு வீட்டையும் அதோட கதவு நம்பரோட காட்டணும்னு தனி மனுஷனா கெளம்பினார். நம்பர் எல்லா வீட்டுக்கும் போட முடியல, ஆனா வீடு வீடா வரைஞ்சிருக்கார் பாருங்க, அது ஒரு பைத்தியக்காரத்தனமான உழைப்பு, கடைசியில 1803-ல கையில காசில்லாம தான் செத்தார். மேப் செதுக்கியிருந்த அவரோட செப்புத் தகடுகள வில்லியம் ஃபேடன்னு ஒரு மேப் வியாபாரி எடுத்து 1807, 1813, 1819-ல திருத்தி திரும்பப் போட்டார், அப்ப கிழக்குப் பக்கம் புது கப்பல்துறைகளையும் சேர்த்து 40 ஷீட் ஆயிடுச்சு. ஹார்வுட் 18ஆம் நூற்றாண்டுன்னு சில பேர் ஒதுக்குவாங்க, ஃபேடன் பதிப்பு நம்ம கணக்குல வந்துடும்.

அடுத்து கிறிஸ்டோபர் கிரீன்வுட், ஜான் கிரீன்வுட் அண்ணன் தம்பி. 1824, 25, 26-ல சர்வே பண்ணி 1827-ல வெளியிட்டாங்க, ஆறு ஷீட், மைலுக்கு 8 இன்ச். கீழ ரெண்டு மூலையிலயும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி, செயின்ட் பால்ஸ் படம் இருக்கும். ரயில் வர்றதுக்கு முன்னாடி லண்டன் எப்படி இருந்துச்சுன்னு பாக்க இதை விட அழகான மேப் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஹாக்னி, கென்சிங்டன் எல்லாம் தோட்டமும் வயலுமா இருக்கும். 1830-ல இன்னொரு பதிப்பு வந்துச்சு.

1862-ல எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் போட்ட லைப்ரரி மேப், 24 ஷீட், மைலுக்கு 6 இன்ச். இது ரொம்ப முக்கியம், ஏன்னா பின்னாடி யாருக்கு லண்டன் மேப் மேல எதைக் குறிச்சுக் காட்டணும்னாலும் ஸ்டான்ஃபோர்ட் மேப் தான் அடிப்படை. எந்தத் தெருவுல எவ்வளவு வறுமைன்னு நிறத்துல காட்டின சார்ல்ஸ் பூத்தோட மேப்பும் அதுக்கு மேல கலர் போட்டது தான்.

ஆர்ட்னன்ஸ் சர்வேங்கிறது பிரிட்டிஷ் அரசாங்கத்து நில அளவைத் துறை, ராணுவத்து ஆளுங்க போட்டது. 1848-ல சாக்கடைத் திட்டத்துக்காக லண்டனை அளக்கும்போது செயின்ட் பால்ஸ் உச்சியில சிலுவைக்கு மேல சாரம் கட்டி அங்க உக்காந்து அளந்தாங்க, நெனச்சாலே கால் கூசுது. அப்புறம் 1870-கள்லயும் 1890-கள்லயும் மைலுக்கு 5 அடி ஸ்கேல்ல வந்த ஷீட்கள்ல தெருவிளக்குக் கம்பம், தோட்டத்து நடைபாதை வரைக்கும் இருக்கு. தனித்தனி ஷீட்டா கெடைக்கும்.

இதெல்லாம் பெரிய மேப். நிஜமா நீங்களும் நானும் வாங்கப்போறது பாக்கெட்ல மடிச்சு வச்சுக்கிற மேப்கள் தான்: கேரி, மாக், க்ரச்லி, வைல்ட், ரெனால்ட்ஸ், கடைசியில பேக்கன்னு இந்த வெளியீட்டாளர்கள் போட்டது. இதுல ஜேம்ஸ் வைல்ட் பெரிய ஷோமேன், 1851-ல ஹைட் பார்க்ல நடந்த உலகக் கண்காட்சிக்கு ஊரே தெரண்டு வந்தப்ப லெஸ்டர் சதுக்கத்துல ஒரு ராட்சச உலக உருண்டை கட்டி, மக்கள உள்ள விட்டு உள்பக்கமா நாடு, கடல் எல்லாம் காட்டிக் காசு வாங்கினார். 1862 வரைக்கும் அது நின்னுச்சு.

மேப்ல 1843-னு போட்டிருக்கு. அப்ப அது 1843-ல அடிச்சது தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிஞ்சா போதும், மிச்சத்தை நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. அப்படி அர்த்தம் இல்ல.

அந்தக் காலத்துல மேப்ங்கிறது ஒரு செப்புத் தகடு, 1820-கள்ல இருந்து சில சமயம் எஃகுத் தகடு. அதைச் செதுக்க மாசக்கணக்குல ஆகும், கூலி ஜாஸ்தி, அதனால ஒரு தடவ செதுக்கிட்டா முப்பது நாப்பது வருஷம் கூட அந்தத் தகட்ட விட மாட்டாங்க. புது ரோடு வந்தா தகட்டோட பின்பக்கம் சுத்தியலால தட்டி, முன்பக்கம் சுரண்டி மட்டமாக்கி, அந்த எடத்துல மட்டும் புதுசா செதுக்குவாங்க. தலைப்புல வருஷத்த மாத்துவாங்க. சில பேர் வருஷத்த மட்டும் மாத்திட்டு மேப்ப தொடவே மாட்டாங்க, சில பேர் மேப்ப மாத்திட்டு அடியில இருக்குற வெளியீட்டுத் தேதிய அப்படியே விட்டுடுவாங்க. ஒரே தகட்டுல இப்படி வந்த ஒவ்வொரு திருத்தத்தையும் ஸ்டேட்னு சொல்றாங்க. வருஷத்தோட கடைசி எண் மத்த எண்ணை விட கொஞ்சம் கறுப்பா, கோணலா இருந்தா லென்ஸ வச்சுப் பாருங்க, பழைய எண்ணோட நிழல் அடியில தெரியும்.

உதாரணத்துக்கு பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம்னு ஒண்ணு இருந்துச்சு, மலிவு விலையில நல்ல மேப் போட்டு விக்கிறது அவங்க வேலைல ஒண்ணு. 1843-ல டபிள்யூ. பி. கிளார்க் வரைஞ்ச லண்டன் மேப் அவங்க வெளியீடு. சங்கம் 1840-கள் முடியிறதுக்குள்ள மூடிட்டாங்க, ஆனா தகடு போகல, சாப்மன் அண்ட் ஹால் கையில இருந்து சார்ல்ஸ் நைட், அப்புறம் ஜார்ஜ் காக்ஸ், அப்புறம் ஸ்டான்ஃபோர்ட்னு கை மாறி கை மாறி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அதே மாதிரி கேரியோட தகடுகள் க்ரச்லிகிட்ட போயி, 1877-ல கால் அண்ட் இங்லிஸ்கிட்ட போச்சு. அதனால கடைக்காரர் "1843 சார்"னு சொன்னா தலைய ஆட்டிட்டு அடியில யார் பேர் இருக்குன்னு பாருங்க. பேரு மாறியிருந்தா வருஷமும் மாறியிருக்கும்.

என்னைக் கேட்டா இந்த சேகரிப்போட சுவாரஸ்யமே இங்க தான் இருக்கு. பத்து வேற வேற மேப் வாங்கி மாட்டுறதை விட ஒரே மேப்போட நாலு ஸ்டேட் வாங்கி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுல வயல், அடுத்ததுல புள்ளிக்கோட்டுல ரயில் பாதை, அடுத்ததுல ஸ்டேஷன், அடுத்ததுல ஸ்டேஷனச் சுத்தி வீடு. விலையும் இதுல தான் கம்மியா முடியுது.

வருஷமே போடலன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஊருகிட்டயே கேக்கணும். பாலத்துல இருந்து ஆரம்பிங்க. வாக்ஸ்ஹால் பாலம் 1816, வாட்டர்லூ பாலம் 1817, சதர்க் பாலம் 1819, புது லண்டன் பாலம் 1831, டவர் பாலம் 1894. ஹங்கர்ஃபோர்ட்ல 1845-ல இன்ஜினியர் ப்ரூனல் கட்டின தொங்குபாலம் இருந்தா அது ரொம்ப நல்ல அடையாளம், ஏன்னா 1860-கள்ல அத எடுத்துட்டு அங்க ரயில் பாலம் போட்டுட்டாங்க, சேரிங் கிராஸ் ஸ்டேஷன் 1864-ல திறந்துச்சு (அந்தத் தொங்குபாலத்துச் சங்கிலிய கொண்டுபோயி பிரிஸ்டல்ல கிளிஃப்டன் பாலத்துக்குப் போட்டாங்க, எதையும் வீணாக்கல). அடுத்து ரயில்: கிரீன்விச் லைன் 1836, யூஸ்டன் 1837, வாட்டர்லூ 1848, கிங்ஸ் கிராஸ் 1852, செயின்ட் பான்கிராஸ் 1868, லிவர்பூல் ஸ்ட்ரீட் 1874. ரோடுன்னா நியூ ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் 1847, ஹோல்போர்ன் மேம்பாலம் 1869, விக்டோரியா எம்பேங்க்மென்ட் 1870, ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ 1886.

மில்பேங்க் ஜெயில ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டீங்க, ஆறு இதழ் பூ மாதிரி ஆத்தோரத்துல இருக்கும், 1816-ல திறந்து 1890-ல மூடினாங்க, இப்ப அங்க டேட் பிரிட்டன் மியூசியம் நிக்குது. அந்த 1851 கண்காட்சிக்குக் கட்டின கண்ணாடிக் கட்டடம் கிரிஸ்டல் பேலஸ், அது ஹைட் பார்க்குள்ள இருந்தா 1851 பக்கம், தெக்க சிடன்ஹாம்ல இருந்தா 1854-க்கு அப்புறம்.

தபால் மண்டலம் போட்டிருந்தா இன்னும் நெருங்கிடலாம். அது 1857, 58-ல வந்துச்சு. வடகிழக்கு மண்டலத்த 1866-ல எடுத்துட்டாங்க, தெற்கு மண்டலத்த 1868-ல பிரிச்சு தென்கிழக்கு, தென்மேற்குல சேத்துட்டாங்க. அந்த ரெண்டும் மேப்ல இருந்தா 1858-க்கும் 1866-க்கும் நடுவுலன்னு பெரும்பாலும் தைரியமா சொல்லலாம்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு அடையாளம் சொல்றேன். லெடன்ஹால் ஸ்ட்ரீட்ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸ் இருந்துச்சு, மெட்ராஸுக்கு உத்தரவு போன எடம், 1861-ல அத இடிச்சாங்க, இப்ப அங்க லாய்ட்ஸ் கட்டடம் இருக்கு. மேப்ல அந்தக் கட்டடத்தோட பேர் இருந்தா 1861-க்கு முந்தினதா இருக்க நல்ல வாய்ப்பு.

ஆனா ஒரு விஷயம், ஒண்ணு மேப்ல இல்லங்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்க. மேப் போட்டவன் சோம்பேறித்தனத்துல திருத்தாம விட்டிருக்கலாம். இருக்கு அப்படிங்கிறதும் சில சமயம் ஏமாத்தும், வரப்போற திட்டத்தையும் முன்கூட்டியே வரைஞ்சுடுவாங்க, பழசாத் தெரியக்கூடாதுல்ல. தேம்ஸ் சுரங்கம் 1825-ல தோண்ட ஆரம்பிச்சு, நடுவுல தண்ணி புகுந்து, காசு தீந்து, நின்னு போயி 1843-ல தான் திறந்தாங்க, ஆனா 1820-கள் மேப்லயே ஆத்துக்குக் குறுக்க கோடு போட்டு வச்சிருப்பாங்க. அதனால ஒரே ஒரு அடையாளத்த நம்பாம நாலஞ்சு சேத்துப் பாக்கணும். சுரங்கம் இருக்கு, ஹங்கர்ஃபோர்ட் தொங்குபாலம் இருக்கு, தென்மேற்கு ரயில் நைன் எல்ம்ஸ்லயே முடியுது, வாட்டர்லூ ஸ்டேஷன் இல்ல. அப்ப 1845-ல இருந்து 1848. இப்படித்தான்.

இதுக்கெல்லாம் புத்தகம் ஏதும் இருக்கா?

ரெண்டு கேட்டலாக் இருக்கு. 1850 வரைக்கும் அச்சான லண்டன் மேப்களுக்கு டார்லிங்டன், ஹவ்கீகோ ரெண்டு பேரும் போட்டது (1964, அப்புறம் ஹவ்கீகோ 1978-ல திருத்தினார்), 1851-ல இருந்து 1900 வரைக்கும் ரால்ஃப் ஹைட் போட்டது (1975). வியாபாரிங்க ஒரு பேரையும் நம்பரையும் மட்டும் எழுதி விலை போட்டிருந்தா இந்தக் கேட்டலாக் நம்பரத்தான் சொல்றாங்க. காசு இருந்தா முதல் மேப் வாங்குறதுக்கு முன்னாடி இதுல ஒண்ண வாங்குங்க, இல்லன்னா லைப்ரரியில பாருங்க.

ஆன்லைன்ல ஃப்ரீயா பாக்கணும்னா ஸ்காட்லாந்து தேசிய நூலகத்து சைட்ல 1890-கள் ஆர்ட்னன்ஸ் சர்வே லண்டன் ஷீட்கள் இருக்கு, இப்ப இருக்குற சாட்டிலைட் படத்துக்கு மேல வச்சு மங்கலாக்கி மங்கலாக்கி பாக்கலாம், ஒரு ராத்திரி முழுக்க போயிடும், சொல்லிட்டேன். டேவிட் ரம்சி கலெக்ஷன்லயும் நல்ல ஸ்கேன் இருக்கு. நேர்ல பாக்கணும்னா பிரிட்டிஷ் லைப்ரரியில கிரேஸ் கலெக்ஷன்: ஃப்ரெட்ரிக் கிரேஸ்னு ஒருத்தர், அரண்மனைக்கெல்லாம் உள் அலங்காரம் பண்ணவர், வாழ்நாள் பூரா லண்டன் மேப்பும் படமுமா சேத்தார், 1859-ல செத்தார், 1880-ல பிரிட்டிஷ் மியூசியம் அத வாங்குச்சு. நம்ம ஆசைக்கெல்லாம் தாத்தா அவர்.

அசலா நகலான்னு எப்படிப் பாக்குறது?

பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, நகைக்கடைல கண்ணுல வச்சுப் பாப்பாங்களே அது போதும். கோட்டைப் பாருங்க. செப்புத்தகட்டுல அடிச்ச கோடு கூர்மையா ஆரம்பிச்சு நடுவுல தடிச்சு திரும்ப கூர்மையா முடியும், மை பேப்பர் மேல லேசா மேடா நிக்கும். கோடே இல்லாம சின்னச் சின்னப் புள்ளியா, நியூஸ்பேப்பர் போட்டோ மாதிரி தெரிஞ்சா அது நகல், கீழ வச்சுட்டு வாங்க. அடுத்து தகடு அழுத்தின பள்ளம், மேப்ப சுத்தி ஓரத்துல விரல்ல தடவினா தெரியும். ஆனா இது இல்லன்னா நகல்னு அர்த்தம் கெடையாது, ஓரத்த வெட்டியிருக்கலாம், இல்ல 1840-களுக்கு அப்புறம் தகட்டுல இருந்து கல்லுக்கு மாத்தி லித்தோகிராஃபா அடிச்சிருக்கலாம், அதுவும் அந்தக் காலத்து அசல் தான், கோடு கொஞ்சம் மொழுக்குன்னு இருக்கும், விலையும் கொஞ்சம் கம்மி.

பேப்பர வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, வாட்மன் மாதிரி பேப்பர் மில் பேரும் வருஷமும் வாட்டர்மார்க்கா இருந்தா அதிர்ஷ்டம். மேப் அந்த வருஷத்துக்கு முன்னாடி அடிச்சதா இருக்கவே முடியாது. அல்ட்ராவயலட் டார்ச் அடிச்சா பேப்பர் நீலமா பளிச்சுன்னு மின்னுச்சுன்னா 1950 பக்கமோ அதுக்கு அப்புறமோ செஞ்ச பேப்பர், சந்தேகமே வேண்டாம்.

நகல்னாலே ஏமாத்துன்னு நெனைக்காதீங்க. லண்டன் டோபோகிராஃபிக்கல் சொசைட்டி நூறு வருஷத்துக்கு மேல நல்ல நகல் போட்டுக்கிட்டு வருது, படிக்கிறதுக்கு அது ரொம்ப உபயோகம். அத அசல்னு சொல்லி விக்கிறவன் கிட்ட தான் பிரச்சினை.

மேப்ப துண்டு துண்டா வெட்டி துணியில ஒட்டியிருக்கு. டேமேஜா?

இல்லீங்க, அப்படித்தான் வித்தாங்க. பேப்பர நேரா மடிச்சா மடிப்புல கிழியும், அதனால கட்டம் கட்டமா வெட்டி நடுவுல ஒரு நூல் இடைவெளி விட்டு லினன் துணியில ஒட்டி, மடிச்சு ஒரு அட்டை உறைக்குள்ள சொருகிக் குடுத்தாங்க. குதிரை வண்டில உக்காந்து விரிச்சுப் பாக்குற சாமான் அது. ஒட்டாம ஷீட்டாவும் குடுத்தாங்க, அது விலை கம்மி. ஆச்சரியம் என்னன்னா துணியில ஒட்டினது தான் நல்லா பொழச்சு வந்திருக்கு. உறையும், அதுல ஒட்டின கடைக்காரர் லேபிளும் கூட இருந்தா விடாதீங்க. சில பேர் ஃப்ரேம் போடுறதுக்காக துணியப் பிரிச்சுத் துண்டுகள ஒண்ணா ஒட்டுறாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

1851 கண்காட்சி சமயத்துல பெண்களோட தோல் கையுறை மேல லண்டன் மேப் அச்சடிச்சது கூட இருக்கு, ஜார்ஜ் ஷோவ்னு ஒருத்தர் பண்ணது, இங்கிலாந்து தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. கையத் திருப்பினா வழி தெரியும்!

கலர் அடிச்ச மேப் நல்லதா, கலர் இல்லாததா?

அந்தக் காலத்துலயே கையால அடிச்ச கலர்னா நல்லது. போன மாசம் அடிச்ச கலர்னா வேண்டாம். கலர் இல்லாத மேப் சுவத்துல எடுப்பா இல்லன்னு சில கடைக்காரங்க புதுசா வாட்டர்கலர் அடிச்சு விக்கிறாங்க. பழைய கலர்ல பச்சை பேப்பர் பின்பக்கம் வரைக்கும் பழுப்பா ஊறி இருக்கும், செம்புச் சத்து வேலை. புதுசு பின்பக்கம் சுத்தமா இருக்கும், மடிப்புத் தேஞ்ச எடத்துல கலர் உள்ள இறங்கி அடையா நிக்கும். பார்த்துப் பழகினா ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சுடும்.

சார்ல்ஸ் பூத் வறுமை மேப், ஜான் ஸ்னோ காலரா மேப் எல்லாம் வாங்க முடியுமா?

ஸ்னோ மேப்ப மறந்துடுங்க. 1854-ல காலரா வந்தப்ப டாக்டர் ஸ்னோ சோஹோவுல பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பச் சுத்தி செத்தவங்கள வீடு வீடா கறுப்புக் கோடா குறிச்சது, 1855-ல அவர் புத்தகத்துக்குள்ள மடிச்சு வச்சு வந்துச்சு. புத்தகமே அபூர்வம், வெளிய தனியா சுத்துறது கிட்டத்தட்ட எல்லாமே நகல்.

பூத் மேப் கதை வேற. முதல்ல 1889-ல வந்துச்சு, அப்புறம் 1898, 99-ல 12 ஷீட். ஏழு நிறம்: கறுப்பு தான் அடிமட்டம், அடுத்து அடர் நீலம், வெளிர் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு, மேல மஞ்சள். கறுப்புத் தெருவுல இருக்குறவங்கள பாதிக் குற்றவாளிங்கன்னே பட்டியல்ல எழுதி வச்சாங்க, ஏழைன்னா அப்படித்தான்னு அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்களுக்கு ஒரு நெனப்பு. ஆனா தெரு தெருவா போயி, போலீஸ்காரங்க கூட நடந்து, ஸ்கூல் போர்டு ஆளுங்கள விசாரிச்சு எடுத்த விவரம், அதுல கை வைக்க முடியாது. தனி ஷீட் எப்பவாவது ஏலத்துக்கு வரும், விலை கடிக்கும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் முழு மேப்பையும் ஆன்லைன்ல வச்சிருக்கு.

இந்த மாதிரி விஷய மேப் புடிக்கும்னா கம்மி காசுல வேற பாருங்க. சாராயக் கடை எதிர்ப்பு சங்கங்கள் 1880-கள்ல லண்டன் பூரா பப் எங்கெங்க இருக்குன்னு சிவப்புப் புள்ளியா வச்சு ஒரு மேப் போட்டாங்க, மக்கள் பாத்து வெக்கப்படணும்னு. தண்ணியடிக்க வழி காட்டின மாதிரி தான் இருக்கு எனக்கு. கோட்னு ஒருத்தரோட கம்பெனி 1886-ல இருந்து இன்சூரன்ஸ்காரங்களுக்குப் போட்ட தீ விபத்து மேப்ல செங்கல் கட்டடம் ஒரு நிறம், மரக் கட்டடம் ஒரு நிறம். அத விக்கல, வாடகைக்குத் தான் குடுத்தாங்க, மாற்றம் வந்தா சின்னத் துண்டு பேப்பர் அடிச்சு பழசு மேலயே ஒட்டுவாங்க. வெளிய வர்றது கம்மி.

விலை எவ்வளவு ஆகும்?

தோராயமா சொல்றேன், மேப்போட நிலைமைய பொறுத்து ரொம்ப மாறும். அட்லஸ்ல இருந்து வந்த சின்ன லண்டன் பிளான் நூறு பவுண்டுக்குள்ள கெடைக்கும். நல்ல நிலைமைல இருக்குற மடிப்பு மேப் நூத்துல இருந்து சில நூறு. கிரீன்வுட் முழு செட் ஆயிரக்கணக்குல. ஹார்வுட் முழு செட் அதுக்கும் மேல, அத நம்ம மியூசியத்துல பாத்துக்கலாம்.

விலையக் குறைக்கிற விஷயம்: ஓரம் வெட்டினது, மடிப்புல கிழிசல், செலோடேப், பழுப்புப் புள்ளி, ஒரு துண்டு காணாம போனது. மடிப்பு சந்திக்கிற மூலையில சின்ன ஓட்டை இருக்குறது சகஜம், அதுக்காக மேப்ப விட்டுடாதீங்க, ஆனா பேரம் பேச உதவும்.

எங்க வாங்குறது?

லண்டன்ல சேரிங் கிராஸ் ரோடு பக்கத்துல செசில் கோர்ட்னு ஒரு சந்து இருக்கு, வரிசையா பழைய புத்தகம், மேப், படக் கடை. வருஷா வருஷம் கோடைல ராயல் ஜியாகிராஃபிக்கல் சொசைட்டி கட்டடத்துல மேப் சந்தை நடக்கும், வாங்கலன்னாலும் போங்க, எல்லாத்தையும் கையில எடுத்துப் பாக்க விடுவாங்க, கண்ணு பழகுறதுக்கு அத விட நல்ல எடம் இல்ல.

ஏலத்துல எடுத்தா சுத்தியல் தட்டின விலை மட்டும் இல்ல, அதுக்கு மேல ஏலக் கம்பெனி கமிஷன் 20, 25 சதவீதமோ அதுக்கு மேலயோ வரும், கமிஷனுக்கு வாட் வேற, பார்சல் தனி. கூட்டிப் பாத்துட்டு கைய தூக்குங்க. ஆன்லைன்ல வாங்கினா பின்பக்கத்து போட்டோவும், வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்ச போட்டோவும் கேளுங்க. அனுப்பத் தயங்குறவன்கிட்ட வாங்காதீங்க.

அட்லஸ்ல இருந்து பிரிச்ச மேப்ப வாங்குறது பாவமா?

சந்தைல இருக்குற பாதி மேப் அப்படி வந்தது தான், என்னிக்கோ பிரிச்சது, இனி சேக்க முடியாது. அத வாங்குறதுல எனக்கு உறுத்தல் இல்ல. முழுசா இருக்குற அட்லஸ இன்னிக்கு உக்காந்து கிழிச்சு விக்கிறவன ஆதரிக்க மாட்டேன். இன்னொண்ணு, பழைய மேப்ல லைப்ரரி முத்திரை இருந்து, அதை நீக்கினதுக்கு அடையாள முத்திரை இல்லன்னா எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. லைப்ரரியில மேப் திருடுறது நெஜமா நடக்குற குத்தம்.

வீட்ல எப்படிப் பத்திரமா வைக்கிறது?

லேமினேட் பண்ணாதீங்க. நம்ம ஊர்ல ரேஷன் கார்டுல இருந்து ஜாதகம் வரைக்கும் லேமினேட் பண்ணி வைப்போம், அந்தக் கை இங்க வரவே கூடாது, சூட்டுல ஒட்டின பிளாஸ்டிக்க திரும்பப் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப்பும் வேண்டாம், பேப்பர் ரிப்பேர் பண்றவங்க ஜப்பான் மெல்லிய பேப்பரும் கோதுமைப் பசையும் வச்சு ஒட்டுவாங்க, தண்ணி பட்டா திரும்ப எடுக்கலாம்.

மாட்டணும்னா அமிலம் இல்லாத அட்டை, அல்ட்ராவயலட் தடுக்குற கண்ணாடி, வெயில் படாத சுவர். கண்ணாடி மேப்ப தொடக்கூடாது, நடுவுல அட்டை இடைவெளி இருக்கணும். மாட்டாம வைக்கணும்னா பாலியஸ்டர் உறைல போட்டு மட்டமா வைங்க. 1860-களுக்கு அப்புறம் மரக்கூழ் பேப்பர் நிறைய வந்துச்சு, அது தானாவே பழுப்பேறி நொறுங்கும், அந்த மேப்ப அடிக்கடி விரிக்காதீங்க. சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல வெளிச் சுவத்துல மாட்டினா மழைக்காலத்துல பூஞ்சை வரும், உள் சுவரா பாருங்க.

நான் சென்னைல இருக்கேன். லண்டன் எதுக்கு, மெட்ராஸ் மேப்பே சேக்கலாமே?

தாராளமா. ஆனா லண்டன் மாதிரி வருஷத்துக்கு ஒண்ணுன்னு வரல, அதனால தேடல் ஜாஸ்தி. 1854-ல மெட்ராஸ்லயே ஜே. பி. ஃபரோ போட்ட தென்னிந்திய அட்லஸ்ல ஊர் பிளான்கள் இருக்கு, 1893-ல கான்ஸ்டபிள் வெளியிட்ட இந்திய அட்லஸ்ல பார்த்தலமியூ வரைஞ்ச மெட்ராஸ் பிளான் இருக்கு, ரெண்டாவது கெடைக்கிறது சுலபம். பெரிய சர்வே மேப்கள் லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியோட இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்ல தூங்குது.

ஒரு சட்ட விஷயம்: இந்தியாவுல 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேலான கலைப்பொருள், தொல்பொருள தனிப்பட்டவங்க வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. அதனால அங்க வாங்கின பழைய மேப்ப சூட்கேஸ்ல வச்சு இங்க கொண்டு வந்து விக்கலாம்னு நெனைக்கிறதுக்கு முன்னாடி தொல்லியல் துறைகிட்ட எழுத்துல கேட்டுக்கோங்க. லண்டன்ல இருந்து இந்தியாவுக்கு வரவழைச்சு வாங்குறவங்க பில்லுல வருஷம், வெளியீட்டாளர் பேர், அச்சடிச்ச மேப் அப்படிங்கிற விவரம் எல்லாம் எழுதச் சொல்லுங்க, கஸ்டம்ஸ்ல பெயின்ட்டிங்னு நெனச்சா பேச்சு நீளும்.

சரி, முதல் மேப் எது வாங்கட்டும்?

ஊர்ல ஒரு மூலையத் தேர்ந்தெடுங்க. கப்பல்துறை பக்கமோ, கிங்ஸ் கிராஸோ, நீங்க இருந்த ஏரியாவோ. அந்த மூலை நல்லாத் தெரியிற ஒரு க்ரச்லி மடிப்பு மேப், 1830-கள்ல வந்தது, லினன்ல ஒட்டினது, உறையோட இருந்தா நல்லது. பல பதிப்பு வந்திருக்கு, அதனால அவசரப்பட வேண்டாம், ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். அத வாங்கினப்புறம் அதே மேப்போட பத்து வருஷம் பிந்தின பதிப்பத் தேடுங்க. ரெண்டாவது கெடைக்கிறதுக்குள்ள முதல் மேப்ல இருக்குற தெரு எல்லாம் உங்களுக்கு மனப்பாடம் ஆயிருக்கும்.